மாத்திரை போதாதபோது: பார்க்கின்சன் நோய்க்கான கேள்வி பதில்

கேள்வி: என் தந்தைக்கு 64 வயது. லெவோடோபா மாத்திரையை நாளுக்கு ஆறு வேளை எடுத்தும், அடுத்த வேளைக்கு முன்பே உடல் இறுகிவிடுகிறது. மூளையில் அறுவை சிகிச்சை செய்யும் கட்டமா இது?

பதில்: செய்தே ஆக வேண்டிய கட்டம் என்று சொல்லமாட்டேன், சிறப்பு மருத்துவரிடம் மதிப்பீடு செய்துகொள்ள வேண்டிய கட்டம்தான். நாளொன்றுக்கு ஐந்து வேளைக்குக் குறையாத மாத்திரை, இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத இறுக்கம், ஒரு மணி நேரமாவது தொல்லை தரும் தன்னிச்சை அசைவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மதிப்பீடு தேவை என்பது நரம்பியல் மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு. லெவோடோபா இரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோய் முற்றிய மூளையால் அதைச் சேமித்து வைக்க இயலாது.

மூளைக்குள் மின்முனை பொருத்தி மின்னோட்டத்தால் தூண்டும் இந்த அறுவைக்கு (ஆழ்மூளைத் தூண்டல்) முன் ஒரு சோதனை உண்டு. இரவு முழுவதும் மருந்தை நிறுத்தி, காலையில் ஒரு வேளை கொடுத்து, இயக்கம் மூன்றில் ஒரு பங்காவது மேம்படுகிறதா என்று பார்ப்பார்கள். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்திலும் சரியாகாத தள்ளாட்டமும் பேச்சுக் குழறலும் மின்முனை பொருத்தினாலும் பெரும்பாலும் சரியாவதில்லை. நடுக்கம் மட்டும் இதற்கு விலக்கு. குடும்பத்தினர் ஏமாற்றம் அடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வி: என் தாய்க்கு 77 வயது, ஞாபக மறதி உண்டு, இல்லாத உருவங்களும் தெரிகின்றன. அவருக்கு எது பொருந்தும்?

பதில்: ஆழ்மூளைத் தூண்டல் வேண்டாம் என்பதே என் கருத்து, மறதி நோய் உள்ளவர்களுக்கு அது குழப்பத்தைக் கூட்டக்கூடும். தோலடியில் அபோமார்ஃபின் என்னும் மருந்தைச் செலுத்தும் பம்பும் மாயத்தோற்றங்களை அதிகரிக்கலாம். வயிற்றில் துளையிட்டுச் சிறுகுடலுக்கு லெவோடோபா கூழைச் செலுத்தும் பம்பைப் பரிசீலிக்கலாம். ஆனால் குழாய் இடம் மாறும், அடைபடும், நாள்தோறும் பராமரிக்க வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

கேள்வி: மண்டையைத் திறக்காத ஒலியலைச் சிகிச்சை மேலானதல்லவா?

பதில்: திறப்பதில்லை என்பது உண்மை, ஆனால் அது மூளையில் ஒரு சிறு புள்ளியைச் சுட்டு அழிக்கிறது, அதை மீட்க முடியாது. ஒரு பக்க நடுக்கமே முதன்மையான தொல்லையாக இருப்பவருக்கு அது நல்ல வழி. 1987இல் பிரான்சின் கிரெனோபிளில் நரம்பியல் அறுவை மருத்துவர் பெனாபித்தின் குழுவினர் தொடங்கிய ஆழ்மூளைத் தூண்டல் முறையிலோ, மின்னோட்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். ஆனால் அந்த முறையில் மூளையில் இரத்தக்கசிவும் கிருமித்தொற்றும் ஏற்படும் அபாயம் சிறிதளவு உண்டு.

கேள்வி: இவற்றால் நோய் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. அறிகுறிகள் மட்டுமே குறையும்.