ராத்திரி காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

வில்லிவாக்கம் வாசகிக்கு,

பதினோரு கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். பத்துக்கு எண் போட்டிருக்கிறீர்கள். பதினொன்றாவதை மட்டும் எண் போடாமல் தாளின் ஓரத்தில் செருகியிருக்கிறீர்கள்: "மருந்தை ஏற்றிவிட்டு அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். ராத்திரியில் அம்மாவுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன்?" உங்களைத் தூங்கவிடாதது இதுதான். முதலில் இதற்கு வருகிறேன்.

மார்பகப் புற்றுநோய்க்கு 21 நாட்களுக்கு ஒருமுறை கீமோ என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து ஏறிய அன்று இரவு பெரும்பாலும் குமட்டல், அசதி அவ்வளவுதான். வாந்திக்குக் கொடுக்கும் மாத்திரையை, வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் சொன்ன வேளைக்குக் கொடுங்கள். நீங்கள் விழித்திருக்க வேண்டிய இரவுகள் அதன் பிறகுதான் வருகின்றன: ஏறத்தாழ 7-வது நாள் முதல் 14-வது நாள் வரை. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் அணுக்களை அடிக்கிறது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை அணுக்களும் அந்த அடியில் சிக்குகின்றன. அவை மிகக் குறைந்திருக்கும் அந்த நாட்களில், மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத கிருமிகூட ரத்தத்தில் புகுந்து சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும்.

வீக்கம், சிவப்பு, சீழ் எதுவும் கண்ணில் படாமல் போகலாம். சீழ் பிடிக்கக்கூட வெள்ளை அணுக்கள் வேண்டுமே! காய்ச்சல் ஒன்றுதான் பல நேரங்களில் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே தகவல்.

ஆகவே இதை அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: தெர்மாமீட்டர் 100.4 டிகிரி காட்டினால், மணி இரவு இரண்டானாலும் ஆஸ்பத்திரி. உடம்பு சூடில்லாமல் குளிர் நடுக்கம் மட்டும் வந்தாலும் அதேதான். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குச் சூடு முழுதாகத் தெரியாது. போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏறத் தொடங்க வேண்டும் என்பதே எங்கள் கணக்கு. வெள்ளை அணுவைக் கூட்டும் ஊசி போட்டிருந்தாலும் இந்த விதியில் மாற்றமில்லை.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு தப்பு நடக்கிறது. என்னிடம் சிகிச்சை பெற்ற ஓர் அம்மாவுக்குப் பத்தாவது நாள் இரவு 101 இருந்தது. மகன் பாராசிட்டமால் ஒன்று கொடுத்தார். நள்ளிரவில் வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. நிம்மதியாகப் படுத்துவிட்டார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் பாத்ரூம் போக எழுந்தவரால் நிற்க முடியவில்லை. ரத்த அழுத்தம் பாதாளத்தில். பத்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தார். மாத்திரை சூட்டைத்தான் இறக்கியதே தவிர, கிருமியைத் தொடவேயில்லை. டாக்டரிடம் பேசாமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் ஆன்டிபயாடிக்கைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

சிகிச்சை அடையாறில், வீடு வில்லிவாக்கத்தில். எனவே ராத்திரியில் எங்கே போவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். வியாழக்கிழமை போகும்போது இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள்: இரவில் எந்த எண்ணுக்கு அழைப்பது, அவசரத்துக்கு எந்த வாசல். புறநோயாளிப் பிரிவின் கதவு பகலில்தான் திறந்திருக்கும். அவ்வளவு தூரம் போக முடியாத நிலை என்றால் 108-ஐ அழைத்து, பக்கத்தில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரவைப்பார்கள். "கீமோ நடக்கிறது, இன்று பத்தாவது நாள், நூற்றி ஒன்று இருக்கிறது" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். ஃபைலின் முதல் பக்கத்தில் மருந்தின் பெயரும் ஏறிய தேதியும் இருக்கட்டும்.

தெர்மாமீட்டரை இன்றே வாங்கிவிடுங்கள். பல வீடுகளில் அது பீரோவுக்குள் பிரிக்காத உறையோடு இருக்கும், இல்லையேல் பேட்டரி தீர்ந்திருக்கும். அக்குளில் வைத்தால் சற்றுக் குறைத்துக் காட்டும். நாக்கின் அடியில் வையுங்கள், காபி குடித்துக் கால் மணி நேரமாவது ஆன பிறகு.

மீதிக் கேள்விகளில் முக்கியமானது அம்மாவின் சர்க்கரை நோய். கீமோவன்று வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். அறுவை சிகிச்சைக்குச் சொல்வதை இதற்குச் சொல்லியிருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியிலேயே வெறும் வயிறு கேட்டாலொழிய, காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். மதியத்துக்கும் டப்பாவில் கட்டிக் கொடுங்கள். ரத்த முடிவு வந்து, டாக்டர் பார்த்து, மருந்து கலந்து வரப் பொழுது ஓடிவிடும். வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. இரண்டு மூன்று நாளைக்குச் சர்க்கரை எகிறும். வீட்டில் பார்த்து எழுதி வையுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், அட்டையோடு, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "வெள்ளையாகச் சின்னதாக ஒன்று" என்று சொன்னால் எனக்கு எதுவும் புரியாது. அந்தப் பையில் கஷாயப் பொடியும் இருக்கட்டும், ஒளிக்க வேண்டாம்.

பையன் நெட்டில் பார்த்துச் சொன்ன பப்பாளி இலைச் சாறு, முள்சீத்தா, கருஞ்சீரகம் மூன்றும் வேண்டாம். கல்லீரல் ஏற்கெனவே கீமோ மருந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். அதன் தலையில் அளவு தெரியாத இன்னொன்றைக் கட்டாதீர்கள். பச்சைச் சாறு கிருமிக்கும் வழி. சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்ற வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுங்கள். பட்டினி கிடக்கப்போவது அம்மாதான்.

மருந்து ஏறும்போது ஊசி குத்திய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். "பாவம், அவர்களுக்கு எத்தனை வேலை" என்று பொறுத்துக்கொள்வது நம் அம்மாக்களின் வழக்கம். டாக்ஸோரூபிசின் போன்ற சிவப்பு நிறக் கீமோ மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். அதே மருந்தால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் அது ரத்தமில்லை, பயப்படாதீர்கள். இரண்டு நாளைக்கு, ஒவ்வொரு தடவை போன பிறகும் கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றினால் போதும். முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டும், சிகிச்சை முடிந்தபின் முளைக்கும்.

பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டோடு, அதைச் செய்த லேபில் இருக்கும், சதைத் துணுக்கைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பப் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள், அப்போது ஓடாமலிருக்கலாம். காப்பீட்டு அட்டை, ஆதார், ரேஷன் அட்டை நகல்கள் இரண்டு செட்.

பேரனைப் பாட்டி மடியில் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விடலாம், இது ஒட்டும் நோயல்ல. அவனுக்கு மூக்கு ஒழுகும் நாளில் மட்டும் அடுத்த அறையில் படுக்க வையுங்கள்.