மான் கொழுப்பு சாப்பிடலாமா? (ஒரு கடிதம்)

அண்ணா வணக்கம். சர்ச்ல லேவியராகமம் படிச்சிட்டு இருக்கோம். 3:17ல கொழுப்பையும் ரத்தத்தையும் சாப்பிடவே கூடாதுன்னு இருக்கு, நெகேமியா 8:10ல என்னடான்னா "கொழுமையானதைப் புசித்து"ன்னு அனுப்பி வைக்கறாங்க. எங்க குரூப்ல ஒருத்தர் அது அந்தக் காலத்து ஹெல்த் அட்வைஸ்ங்கறார். அப்படியா?

தம்பி,

முதல்ல, எபிரேய மூலத்துல ரெண்டும் ஒரே சொல் இல்ல. நெகேமியாவுல மஷ்மன்னீம், நல்ல கொழுத்த சாப்பாடு, அதுக்குத் தடை கிடையாது. லேவியராகமத்துல வர்றது ஹேலெவ்.

ஹேலெவ்னா ஆட்டுல இருக்கற எல்லாக் கொழுப்பும் இல்ல. கறியோட கறியா கிடக்கறதுக்கு யூத மரபுல ஷுமன்னு தனிப் பேரே இருக்கு, தாராளமா சாப்பிடலாம். 3ம் அதிகாரத்துலயே லிஸ்ட் இருக்கு பாருங்க, குடலை மூடினது, குடல் மேல ஒட்டினது, ரெண்டு கிட்னி மேல இருக்கறது. ஆட்டை உரிச்சு வயித்தைக் கிழிச்சா கிட்னியே கண்ணுக்குத் தெரியாது, வெள்ளையா மூடியிருக்கும், விரலை விட்டா தனியா பேந்து வரும், ஆறினா மெழுகு மாதிரி இறுகிடும், அதான். செம்மறின்னா பலிபீடத்துக்கு முழு வாலும் போகும், அந்தப் பக்கத்து ஆட்டுக்கு வாலே கொழுப்புதான். அரேபியாவுல வால் தரையில உரசாம இருக்க சின்ன வண்டி கட்டி விடுவாங்கன்னு பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கார் (கதை விடறார்னு நினைச்சேன், யூதர்களோட பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலயும் அந்த வண்டி வருது).

ஹெல்த் விளக்கம் ஒண்ணும் புதுசு இல்ல, 12ம் நூற்றாண்டுலயே மைமோனிடஸ்ங்கற யூத அறிஞர் இது செரிக்காது, எரிக்கத்தான் லாயக்குன்னுட்டார். எனக்கு அது ஒட்டல. ஏன்னா 7:23 மாடு, செம்மறி, வெள்ளாடு மூணைத்தான் சொல்லுது, மானோட கிட்னிக் கொழுப்பை யூதர்கள் சாப்பிடலாம், ரத்தம் மட்டும் மானுக்கும் தடை. உடம்புக்கு ஆகாதுன்னா மான்ல மட்டும் எப்படி ஆகும்? மான் பலிபீடத்துக்குப் போற மிருகம் இல்ல, அவ்ளோதான். 3:16 நேராவே சொல்லுதே, கொழுப்பு முழுவதும் கர்த்தருடையதுன்னு. அது அவர் பங்கு. ஆசாரியன் ஏலியோட பசங்க அந்தப் பங்கு எரியறதுக்கு முன்னாடியே பச்சைக் கறியைக் குடுன்னு ஆள் விட்டு மிரட்டினாங்க (1 சாமுவேல் 2), பிரச்சனையே அதான்.

இன்னொண்ணு, எண்ணாகமம் 18:12ல எண்ணெய்க்கும் ஹேலெவ்னு வரும், நம்ம பைபிள்ல "உச்சிதமான எண்ணெய்". எண்ணெய்ல ஏது கிட்னி? அங்க முதல் தரம்னு அர்த்தம்.

உங்க குரூப்காரர்கிட்ட அந்த மான் கேள்வியைக் கேட்டுப் பாருங்க, என்ன சொல்றார்னு எழுதுங்க.