'ஹார்டு' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் எது?

அன்புள்ள ஐயா,

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலத் தேர்வில் 'ஹார்டு' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டிருந்தார்கள். 'ஈஸி' என்று எழுதினாள். அதைச் சுழித்துவிட்டு 'சாஃப்ட்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். கேட்டால், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்கிறார்கள். மதிப்பெண் போனது பெரிதில்லை. "கணக்கு ஹார்டா இருந்துச்சுன்னுதானே எல்லாரும் சொல்றோம், அதுக்கு ஈஸிதானே எதிர்?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

உங்கள் மகள் எழுதியது சரி. இதை முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள். 'சாஃப்ட்' என்பதும் சரிதான். கேள்வி அரைகுறையாகக் கேட்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

நம் மொழியிலேயே பார்ப்போம். 'பச்சை' என்பதற்கு எதிர்ச்சொல் எது? யாரிடம் கேட்டாலும் திகைப்பார்கள். பச்சைத் தண்ணீர் என்று சொல்லுங்கள், வெந்நீர் என்று உடனே பதில் வரும். பச்சை விறகுக்குக் காய்ந்த விறகு. பச்சை மண்ணுக்குச் சுட்ட மண். பச்சை மரத்துக்குப் பட்ட மரம். எதைப் பச்சை என்கிறோம் என்று தெரிந்த பிறகுதான் அதன் எதிர் எது என்று தெரிகிறது.

ஆங்கிலத்தில் இதை நெடுங்காலத்துக்கு முன்பே தெளிவாகச் சொன்னவர் பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர். 1852இல் அவர் வெளியிட்ட தெசாரஸில், அதாவது சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்த நூலில், எதிரெதிர்க் கருத்துகளை ஒரே பக்கத்தில் இரண்டு பத்திகளாக அடுத்தடுத்து அச்சிட்டார். அப்படி வரிசைப்படுத்தியவருக்கே ஒரு சொல்லுக்கு ஒரே எதிர் என்பது நிற்கவில்லை. 'ஓல்ட்' என்பது பொருள்களைக் குறித்தால் அதற்கு எதிர் 'நியூ', உயிர்களைக் குறித்தால் 'யங்' என்று தம் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். நாமும் பழைய வீடு, புதிய வீடு என்கிறோம். முதியவருக்கு எதிர் இளையவர், 'புதியவர்' இல்லை.

இனி உங்கள் மகளின் 'ஹார்டு'. படுக்கையைச் சொன்னால் 'சாஃப்ட்', கேள்வியைச் சொன்னால் 'ஈஸி'. கடுங்குளிர் காலத்தை 'ஹார்டு விண்டர்' என்பார்கள். அதற்கு எதிர் 'மைல்ட்'. தண்ணீருக்கும் இந்தச் சொல் உண்டு. கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்த நீரில் சோப்பு எளிதில் நுரைக்காது. அது 'ஹார்டு வாட்டர்', நம் அறிவியல் பாடத்தில் கடின நீர். அதன் எதிர் 'சாஃப்ட் வாட்டர்', அதாவது மென்னீர். தொட்டுப் பார்த்தால் இரண்டு நீரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 'சாஃப்ட்' என்ற அதே சொல் அங்கே வந்தாலும், படுக்கையின் மென்மைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

போன வழியே திரும்பி வரவும் முடியாது. 'ஹார்டு' என்பதற்கு 'சாஃப்ட்' என்று மனப்பாடம் செய்த குழந்தை, 'சாஃப்ட் வாய்ஸ்' என்பதற்கு எதிராக 'ஹார்டு வாய்ஸ்' என்று எழுதும். அங்கே வேண்டியது 'லவுட்'. மெல்லிய ஒளிக்கு எதிர் 'பிரைட்' அல்லது 'ஹார்ஷ்'. பட்டியலாக மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு உள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான்: அப்போதைக்கு மதிப்பெண் வாங்கித் தரும், பின்னால் வாக்கியத்தைக் கெடுக்கும்.

'ஹார்ட்லி' பற்றியும் அவளிடம் பேசுங்கள். 'ஹி வொர்க்ஸ் ஹார்டு' என்றால் அவன் கடுமையாக உழைக்கிறான். 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் அவன் வேலையே செய்வதில்லை என்று சொல்லலாம். ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு சொற்கள் வாக்கியத்தை நேரெதிராகத் திருப்பிவிடுகின்றன. குழந்தைகளுக்கு இது பிடிக்கும்.

இன்னொன்று. தேர்வு 'ஹார்டு' இல்லை என்று அவள் சொன்னால் அது 'ஈஸி' என்று ஆகிவிடாது. நடுவில் எத்தனையோ படிகள் உண்டு. உயிரோடு இல்லை என்றால் இறந்துவிட்டது என்பதுபோல எல்லா எதிர்ச்சொற்களும் இயங்குவதில்லை. முன்னொட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 'ஹேப்பி'க்கு 'அன்ஹேப்பி' உண்டு, 'சேட்' என்பதற்கு 'அன்சேட்' என்று யாரும் சொல்வதில்லை. 'வேல்யுபிள்' என்றால் மதிப்புள்ளது. 'இன்வேல்யுபிள்' என்றால் மதிப்பற்றது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது விலைமதிக்க முடியாதது.

வீட்டில் அவளுக்கு 'லைட்', 'ஷார்ட்', 'ரைட்', 'தின்' ஆகிய நான்கு சொற்களைக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர்ச்சொற்களை அவளே சேர்த்து, இரண்டு எதிர்ச்சொற்களைக் கண்டுபிடிக்கட்டும். 'லைட் பேக்' என்றால் 'ஹெவி', 'லைட் கலர்' என்றால் 'டார்க்' என்று தொடங்கிக் கொடுத்தால் போதும், மீதியை அவளே பிடித்துக்கொள்வாள்.

ஆசிரியரிடம் பேசப் போனால், போன மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். அடுத்த வினாத்தாளில் 'ஹார்டு' என்று மட்டும் போடாமல் 'எ ஹார்டு பெட்', 'எ ஹார்டு கொஸ்டின்' என்று போடச் சொல்லிக் கேளுங்கள். அவர்களுக்கும் திருத்துவது எளிதாகும்.

அன்புடன்.