இணைத்த பேக்கேஜும் இரட்டை ரியாக்டும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் நான்கு பேர் கொண்ட சிறிய குழு. எங்கள் இரண்டு செயலிகளிலும் திரும்பத் திரும்ப வரும் படிவங்களையும் பொத்தான்களையும் தனி ரியாக்ட் (இணையப் பக்கங்களைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) பேக்கேஜாகப் பிரித்து வைத்திருக்கிறோம். அந்தப் பேக்கேஜை, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களைப் பகிர்ந்து நிறுவ உதவும் என்பிஎம்-இல் பதிவேற்றி நிறுவினால் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் அதில் ஒரு மாற்றம் செய்து பார்ப்பதற்காக 'என்பிஎம் லிங்க்' மூலம் செயலியோடு இணைத்தவுடன் 'இன்வேலிட் ஹூக் கால்' (ஹூக் என்ற ரியாக்ட் செயற்கூறு தவறாக அழைக்கப்பட்டது) என்ற பிழை வந்து நிற்கிறது. ரியாக்டை பியர் டிபெண்டென்சியாகத்தான் (நிறுவுகிறவரிடம் இருக்க வேண்டிய சார்பாகத்தான்) குறிப்பிட்டிருக்கிறேன். இரட்டைப் பிரதிகளை நீக்கும் 'என்பிஎம் டிடியூப்' கட்டளையையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன், பயனில்லை. பேக்கேஜின் சார்புகள் நிறுவப்படும் நோட் மாட்யூல்ஸ் கோப்புறையிலிருந்து ரியாக்டை அழித்துவிடு என்கிறார் உடன் வேலை செய்பவர். எல்லாவற்றையும் ஒரே களஞ்சியத்துக்குக் கொண்டுவந்து வொர்க்ஸ்பேஸ் (பல பேக்கேஜ்களை ஒன்றாக நிறுவும் ஏற்பாடு) ஆக்கிவிடலாம் என்கிறார் இன்னொருவர். எது சரி?

தங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பதிவேற்றினால் ஓடுகிறது, இணைத்தால் மட்டும் உடைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியே பாதி வழக்கைத் தீர்த்துவிடுகிறது. ஹூக்கை நிபந்தனைக்குள்ளோ வேறு தவறான இடத்திலோ அழைத்திருந்தால் பதிவேற்றிய பின்பும் அதே பிழை வந்திருக்கும். பேக்கேஜைக் கட்டும்போது ரியாக்டை வெளியே விடாமல் உள்ளே சேர்த்துக் கட்டியிருந்தாலும் அப்படித்தான். ஆகவே உங்கள் குறியீட்டில் குற்றமில்லை. இணைக்கும்போது மட்டும் ஒரே பக்கத்தில் ரியாக்டின் இரண்டு பிரதிகள் ஏறிவிடுகின்றன.

பியர் டிபெண்டென்சி என்று எழுதிய பிறகு இரண்டாவது பிரதி எங்கிருந்து வந்தது என்பதுதான் உங்கள் குழப்பம் என்று நினைக்கிறேன். அந்த வரி, பேக்கேஜை நிறுவுகிறவரிடம் விதிக்கும் ஒரு நிபந்தனை: ரியாக்டை நான் கொண்டுவர மாட்டேன், உங்களிடம் இருப்பதையே பயன்படுத்திக்கொள்வேன் என்பது அதன் பொருள். 2020-இல் வந்த என்பிஎம் 7 முதல் அந்த நிபந்தனையை நிறுவியே நிறைவேற்றித் தருகிறது. அதற்கு முந்தைய சில பதிப்புகள் எச்சரிக்கையோடு நின்றுகொண்டன. எப்படியானாலும் அது நிறுவும் நேரத்து ஒப்பந்தம். 'என்பிஎம் லிங்க்' எதையும் செயலிக்குள் நிறுவுவதில்லை. செயலியின் நோட் மாட்யூல்ஸ் கோப்புறைக்குள் ஒரு சிம்லிங்க் வைத்து, அது உங்கள் பேக்கேஜ் கோப்புறையைச் சுட்டும்படி செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அந்தக் கோப்புறையிலோ, சோதனைகளை ஓட்டுவதற்காக நீங்கள் டெவ் டிபெண்டென்சியாகப் போட்ட ரியாக்ட் முழுதாக உட்கார்ந்திருக்கிறது. பியர் டிபெண்டென்சியை வேறெங்கும் குறிக்காமல் விட்டிருந்தாலும், பேக்கேஜ் கோப்புறைக்குள் நின்று நிறுவும்போது என்பிஎம் 7 அதையும் அங்கேயே இறக்கியிருக்கும். பதிவேற்றிய பேக்கேஜை நிறுவுகிறவருக்கு டெவ் டிபெண்டென்சிகள் போய்ச் சேர்வதில்லை. ஆகவே அங்கே சிக்கலும் இல்லை.

இனி, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஒரு சார்பை எப்படித் தேடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 'வேலை' என்ற கோப்புறைக்குள் 'செயலி', 'படிவம்' என்று இரண்டு கோப்புறைகள் அருகருகே இருப்பதாகக் கொள்வோம். படிவத்தின் ஒரு கோப்பு ரியாக்டைக் கேட்கிறது. நோட், சிம்லிங்க் வழியாக வந்தோம் என்பதை மறந்துவிட்டு, அந்தக் கோப்பு வட்டில் உண்மையில் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு நோட் மாட்யூல்ஸ் கோப்புறையாகத் தேடிப் போகிறது. முதலில் எதிர்ப்படுவது படிவத்தின் சொந்தப் பிரதி. செயலியின் கோப்புகளுக்கு முதலில் எதிர்ப்படுவது செயலியின் பிரதி. செயலியைக் கட்டும் கருவிகளான வெப்பேக்கும் வைட்டும் இயல்பாக இதே வழக்கத்தைத்தான் பின்பற்றுகின்றன. டிடியூப் உதவாததற்கும் காரணம் இதுவே: அது ஒரு திட்டத்தின் சார்பு மரத்துக்குள் இருக்கும் இரட்டைகளைத்தான் ஒன்றாக்கும். படிவம் தனக்கென்று பூட்டுக்கோப்பு (நிறுவிய பதிப்புகளின் பட்டியல்) வைத்திருக்கும் வேறொரு மரம்.

இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒரே பதிப்பாக இருந்தாலும் ஏன் உடைய வேண்டும் என்று கேட்கலாம். ரியாக்ட் பேக்கேஜுக்குள் இருக்கும் 'யூஸ்ஸ்டேட்' என்ற ஹூக் ஏறக்குறைய வெறும் வாசல்தான். அது ஒரு பொதுவான இடத்தில் வைக்கப்பட்டிருக்கும், ஹூக்கின் வேலையை உண்மையில் செய்யும் டிஸ்பாட்சரை எடுத்து, வேலையை அதனிடம் ஒப்படைக்கிறது. கூறுகளை வரையத் தொடங்கும்போது அந்த டிஸ்பாட்சரை அங்கே வைப்பது, கூறுகளை உலாவியில் காட்டும் ரியாக்ட் டாம். ஆனால் ரியாக்ட் டாம் தனக்குக் கிடைத்த பிரதியில், அதாவது செயலியின் பிரதியில், வைக்கிறது. உங்கள் படிவமோ தன் பிரதியில் கை விட்டுத் துழாவுகிறது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு உண்டியல்கள் என்றாலும் ஒன்றில் போட்ட காசை மற்றதிலிருந்து எடுக்க முடியாது. அங்கே வெறும் 'நல்' (வெற்று மதிப்பு) மட்டுமே இருப்பதால்தான், நீங்கள் பார்த்த பிழைக்கு அடுத்த வரியிலேயே நல்லிலிருந்து யூஸ்ஸ்டேட்டைப் படிக்க முடியவில்லை என்ற இன்னொரு பிழையும் வந்திருக்கும்.

2019 பிப்ரவரியில் 16.8 பதிப்போடு ஹூக்குகள் வருவதற்கு முன்பு, இப்படி இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டே பல செயலிகள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஹூக் இல்லாமல் எழுதப்படும் கிளாஸ் கூறுகளுக்கு இந்த டிஸ்பாட்சர் தேவைப்படவில்லை. எலிமெண்ட்டுகளை அடையாளம் காட்டும் சிம்பலும் பிரதிகளுக்கிடையே பொதுவானது. ஹூக்குகள் அந்த நோயை உண்டாக்கவில்லை, வெளியே கொண்டுவந்தன. உண்மையில் உங்களுக்கு உரத்த குரலில் பிழை வந்ததை நல்ல காலம் என்றே சொல்வேன். கான்டெக்ஸ்டை (கூறுகளுக்கிடையே மதிப்பைப் பகிரும் வழியை) உருவாக்கும் நூலகம் இரட்டையாக இருந்தால், பல நேரங்களில் பிழையே வராமல் இயல்பு மதிப்பு மட்டும் வந்து நிற்கும். அதன் பின்னால் ஒரு மாலை முழுவதும் ஓடலாம்.

உடன் வேலை செய்பவர் சொன்ன வழியை நானும் ஒருமுறை செய்தேன். ரியாக்டை அழித்தேன், பிழை போயிற்று, மகிழ்ந்தேன். மறுநாள் பேக்கேஜின் சோதனைகள் அனைத்தும் ரியாக்டைக் காணோம் என்று விழுந்தன. மறுபடி நிறுவினேன், பழைய பிழை திரும்பி வந்தது. இதையே இரண்டு வாரம் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். தவிரவும், கோப்புறைகள் மேலே சொன்னபடி அருகருகே இருந்தால் பிழை போவதும் நிச்சயமில்லை: அழித்தபின் மேல்நோக்கித் தேடினால் 'வேலை' கோப்புறைதான் வரும். பக்கத்திலிருக்கும் செயலிக்குள் நோட் எட்டிப் பார்க்காது.

இணையத்தில் அடிக்கடி கிடைக்கும் இன்னொரு அறிவுரை, சிம்லிங்க்கை அதன் போக்கில் விடச் சொல்லும் அமைப்பு. வெப்பேக்கில் 'ரிசால்வ் சிம்லிங்க்ஸ்' என்பதை அணைப்பது, வைட்டில் 'ப்ரிசர்வ் சிம்லிங்க்ஸ்' என்பதை இயக்குவது இரண்டும் இதுவே. இது மட்டும் உங்களுக்கு உதவாது. கோப்பு செயலியின் நோட் மாட்யூல்ஸுக்குள்ளேயே இருப்பதாக இப்போது கருதப்படும் என்பது உண்மைதான். ஆனால் மேல்நோக்கிய தேடலில் செயலியின் ரியாக்டுக்கு முன்னால், அதே சிம்லிங்க் வழியாகத் தெரியும் படிவத்தின் சொந்த நோட் மாட்யூல்ஸ் வந்துவிடுகிறது. டெவ் டிபெண்டென்சி அங்கே இருக்கும்வரை விடை மாறாது. இந்த அமைப்போடு அழிப்பதையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் வேலை முடிகிறது.

ரியாக்டின் ஆவணம் சொல்லும் வழி, படிவத்தின் கோப்புறைக்குள் நின்று, செயலியின் நோட் மாட்யூல்ஸில் இருக்கும் ரியாக்டை எதிர்த்திசையில் இணைப்பது. ஒரு செயலி மட்டும் வைத்திருப்பவருக்கு இது போதும். உங்களுக்கு இரண்டு செயலிகள். ஒரு நேரத்தில் ஒன்றோடுதான் கட்டிக்கொள்ள முடியும். அதோடு, ஏதேனும் ஒரு கோப்புறையில் 'என்பிஎம் இன்ஸ்டால்' ஓட்டியதும் இந்த இணைப்புகள் அறுந்துபோகக்கூடும். காலையில் ஓடியது மதியம் ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

உங்கள் நிலையில் நான் செயலியின் கட்டமைப்புக் கோப்பில்தான் கை வைப்பேன். வைட் என்றால் 'ரிசால்வ் டிடியூப்' பட்டியலில் ரியாக்டையும் ரியாக்ட் டாமையும் சேர்த்தால் போதும். யார் கேட்டாலும் செயலியின் வேரிலிருக்கும் பிரதியையே அது கொடுக்கும். வெப்பேக்கில் அதே பெயர்களுக்கு ஏலியஸ் (மாற்றுப் பெயர்) வைத்து, செயலியின் நோட் மாட்யூல்ஸுக்கு முழுப் பாதை கொடுக்க வேண்டும். சோதனைகளை ஓட்டும் ஜெஸ்ட் இந்த அமைப்புகளைப் படிக்காது. அதற்கு 'மாட்யூல் நேம் மேப்பர்' தனியாக எழுத வேண்டும். பட்டியலில் எதையெல்லாம் சேர்ப்பது என்பதில் மட்டும் நிதானம் தேவை: தனக்குள் நிலையை வைத்திருப்பவை, அல்லது இன்ஸ்டன்ஸ்ஆஃப் (ஒரு பொருள் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்ற சோதனை) பார்ப்பவை. ரியாக்ட் ரவுட்டர், ஸ்டைல்டு காம்பொனன்ட்ஸ், கிராஃப்கியூஎல் ஆகியவை அந்த வகை. வெறும் உதவிச் செயற்கூறுகள் கொண்ட லோடாஷ் இரண்டு முறை ஏறினால் கோப்பு கொஞ்சம் பெரிதாகும், வேறொன்றும் ஆகாது.

சரிபார்ப்பதற்கு உலாவியே போதும். செயலியில் இறக்கிய ரியாக்டை விண்டோவில் ஒரு பெயரிலும், படிவத்தில் இறக்கியதை இன்னொரு பெயரிலும் வைத்து, மூன்று சமக்குறி போட்டு ஒப்பிடுங்கள். 'ஃபால்ஸ்' என்று வந்தால் இன்னும் இரண்டு பிரதிகள் இருக்கின்றன.

இவ்வளவு செய்த பின்னும், பதிவேற்றுவதற்கு முன்னால் ஒருமுறை 'என்பிஎம் பேக்' ஓட்டி, அது தரும் டிஜிஇசட் கோப்பைச் செயலியில் நிறுவிப் பாருங்கள். உங்கள் பயனருக்கு உண்மையில் என்ன போய்ச் சேருமோ அது அந்தக் கோப்புதான். விடுபட்ட கோப்பு, தவறான பியர் வரம்பு எல்லாம் அங்கேதான் தெரியும், இணைப்பில் தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இப்படிச் செய்வது சலிப்பு என்றால், அதே வேலையைத் தானாகச் செய்யும் யால்க் என்ற கருவி இருக்கிறது.

வொர்க்ஸ்பேஸ் நல்ல ஏற்பாடு; என்பிஎம் 7-இலேயே கிடைக்கிறது. ரியாக்ட் பொதுவான வேருக்கு ஏற்றப்பட்டு, எல்லாரும் அதையே கண்டடைவார்கள். ஆனால் இந்த ஒரு பிழைக்காக மூன்று களஞ்சியங்களின் வரலாற்றைக் கலைத்து ஒன்றாக்க வேண்டியதில்லை. எப்படியும் ஒன்றாக்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் மூன்றின் ரியாக்ட் வரம்புகளையும் பொருத்திக்கொள்ளுங்கள். செயலி 18 என்றும் படிவத்தின் டெவ் டிபெண்டென்சி 19 என்றும் இருந்தால், ஒரே களஞ்சியத்துக்குள்ளும் இரண்டு பிரதிகள்தான் நிறுவப்படும்.

அன்புடன்.