தேங்காய் எண்ணெய் உறைந்த ஜனவரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரில் மழைக்காலம் வந்தால் எனக்கு வரும் கேள்விகளின் போக்கே மாறிவிடும். மே மாதம் "ஏன் இந்த வேக்காடு?" என்று கேட்டவர்கள், டிசம்பர் கடைசியில் "குளிர் தாங்கவில்லை, பூமி சூடாகிறது என்றீர்களே?" என்கிறார்கள். வானிலைப் பதிவுகளோடு நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வியை அலட்சியமாக ஒதுக்க எனக்கு மனம் வராது. கேட்பவர்கள் தங்கள் வீட்டில், தங்கள் உடம்பில் உணர்ந்ததை வைத்துக் கேட்கிறார்கள். வந்தவற்றில் எட்டுக் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

2025 ஜனவரி மழையில் எங்கள் சமையலறைத் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்துவிட்டது. ஊரில் மார்கழியில்தான் இப்படிப் பார்த்திருக்கிறேன். "பூமி சூடாகிறதாம், பாட்டிலைப் பார்" என்று மாமனார் இன்றுவரை அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? (உட்லண்ட்ஸ் வாசகி)

முதலில் அந்தப் பாட்டிலுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். அது சொன்னது உண்மைதான். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உறையத் தொடங்கும். நம் ஊரில் சாதாரண நாளில் விடியற்காலையில்கூட வீட்டுக்குள் அந்த அளவுக்கு இறங்காது. இறங்கினாலும் பத்து மணி வெயில் ஏறியதும் இளகிவிடும். எண்ணெய் நாள் முழுக்கக் கட்டியாகவே இருந்தது என்றால், பகலிலும் சூடு ஏறவில்லை என்று பொருள். அந்த ஜனவரி 10 முதல் 13 வரை அதுதான் நடந்தது. ஜனவரி மாதம் முழுவதும் பெய்ய வேண்டிய சராசரி மழையைவிட அதிகமாக, சாங்கியில் இரண்டே நாளில் கொட்டித் தீர்த்தது.

அந்தக் குளிர் எங்கிருந்து வந்தது? சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று தேங்கி நிற்கும். அணையில் தண்ணீர் தேங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வப்போது அது உடைத்துக்கொண்டு தெற்கே பாயும். சீனாவைக் கடந்து தென்சீனக் கடல்மேல் விரைந்து வரும்போது, கடலின் வெதுவெதுப்பையும் ஈரத்தையும் அள்ளிக்கொள்ளும். நம்மிடம் வந்து சேரும்போது அதன் சைபீரியக் குளிரில் பெரும்பகுதி போயிருக்கும். மிஞ்சுவது மேகமும் விடாத மழையும் காற்றும்தான். இதைத்தான் வானிலைத் துறையில் 'மான்சூன் சர்ஜ்' என்கிறோம். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம்வரை நீளும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இப்படிச் சில முறை வரும். 2018 ஜனவரியில் வந்தபோது வெப்பநிலை ஏறக்குறைய 21 டிகிரிக்கு இறங்கியது. 1934 ஜனவரியில் 19.4 டிகிரிவரை இறங்கியிருக்கிறது.

உங்கள் மாமனாரிடம் சொல்ல வேண்டிய செய்தி இனிதான் வருகிறது. உங்கள் எண்ணெய் உறைந்த அதே 2025 ஜனவரிதான், உலகம் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அதுவரை பதிவான ஜனவரிகளிலேயே மிகவும் சூடானது. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் அமைப்பின் கணக்குப்படி, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.75 டிகிரி அதிகம். இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன, இரண்டும் உண்மை. பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். சிங்கப்பூர் எழுநூற்றுச் சொச்சம். நம் வீட்டுப் பாட்டில் அந்தச் சொச்சத்துக்குத்தான் சாட்சி சொல்ல முடியும், அதுவும் நான்கு நாளுக்கு மட்டும்.

மாமனார் அப்போதும் ஒத்துக்கொள்ளாவிட்டால், சண்டை வேண்டாம். அடுத்த மே மாதம் இரவு இரண்டு மணிக்கு அவருக்குத் தூக்கம் வருகிறதா என்று மட்டும் கேளுங்கள். பாட்டிலைச் சாட்சிக்கு அழைத்தால் வருடம் முழுக்க அழைக்க வேண்டும்.

அமெரிக்காவில் வரலாறு காணாத பனி என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்துகொண்டே இருக்கிறது. அதுவும் பொய்யா? (ஜூரோங் வெஸ்ட்)

பெரும்பாலும் மெய்தான். 2025 ஜனவரி 21 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் பனி பெய்தது. அந்த ஊருக்கு அது மிகப் பெரிய அதிசயம். அது எந்த மாதம் என்று கவனித்தீர்களா? மேலே சொன்ன அதே சூடான ஜனவரிதான்.

இந்த வாதம் வாட்ஸ்அப்புக்கு முந்தியது. 2015 பிப்ரவரியில் ஜேம்ஸ் இன்ஹோஃப் என்ற அமெரிக்க செனட்டர், வெளியே கிடந்த பனியை உருண்டையாக்கி செனட் சபைக்குள் கொண்டுவந்து வீசினார். பனி இருக்கிறது, ஆகவே பூமி சூடாகவில்லை என்பது அவர் வாதம். நாட்டின் சட்டம் செய்கிற இடத்தில் அப்படி ஒரு வாதம் வைக்கப்பட்டது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரே ஒரு பனிநாளை எடுப்பதற்குப் பதில் எல்லா நாளையும் எண்ணிப் பார்ப்பதே நியாயமான வழி. பருவநிலை மாறாமல் இருந்தால், நெடுங்காலப் போக்கில் புதிய வெப்பச் சாதனைகளும் புதிய குளிர்ச் சாதனைகளும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். அமெரிக்காவில் 2000இல் தொடங்கிய பத்தாண்டில் வெப்பச் சாதனை இரண்டு வந்தால் குளிர்ச் சாதனை ஒன்று வந்தது. குளிர் நின்றுபோகவில்லை, அதன் முறை குறைந்துவிட்டது.

என் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மழை பெய்தாலும் பருவநிலை மாற்றம், குளிர் அடித்தாலும் பருவநிலை மாற்றம் என்கிறாள். எல்லாவற்றுக்கும் ஒரே காரணமா? (தெம்பனிஸ்)

உங்கள் மகளின் அக்கறை எனக்குப் பிடிக்கிறது. ஆனால் இந்த இடத்தில் உங்கள் பக்கம்தான் நான் நிற்பேன். ஜனவரியில் இங்கே மழையும் குளிரும் வருவது பருவக்காற்றின் இயல்பு. நம் பாட்டன் பூட்டன் காலத்திலும் வந்தது. வடதுருவம் சூடாவதால்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குளிர்காற்று அடிக்கடி தெற்கே இறங்குகிறது என்று ஒரு கருத்து உண்டு. விஞ்ஞானிகள் அதைப் பற்றி இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், முடிந்த விஷயமாகப் பேசுவது தவறு.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. காற்று ஒரு டிகிரி சூடானால் அது ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்கிற பெருமழை இன்னும் கனமாகப் பெய்ய வாய்ப்பு அதிகம். மகளிடம் இதைச் சொல்லுங்கள். மழையைப் பருவக்காற்று கொண்டுவந்தது, மழையின் கனத்தில் சூடான கடலுக்கும் காற்றுக்கும் பங்கு இருக்கலாம் என்று சொன்னால் யாரும் குறைசொல்ல முடியாது.

நான் செம்பவாங்கில் பிறந்து வளர்ந்தவள். அறுபதுகளில் விடியற்காலையில் கம்பளி இல்லாமல் படுக்க முடியாது. இப்போது அதே செம்பவாங்கில் இரவெல்லாம் ஏர்கான். ஆனால் இது மரத்தை வெட்டி புளோக்கு கட்டியதால் வந்த சூடுதானே? அதை ஏன் பூமி தலையில் கட்டுகிறீர்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

டீச்சர், வந்த கடிதங்களிலேயே ஆழமான கேள்வி உங்களுடையதுதான்.

கட்டடங்களின் பங்கு உண்மை. இதற்கு ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் தேவையில்லை. நல்ல வெயில் அடித்த நாளில், இரவு பத்து மணிக்கு உங்கள் புளோக்கின் மேற்குப் பார்த்த சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் ஆனது போல இருக்கும். பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தச் சுவர் இரவில்தான் விடுகிறது. பக்கத்திலேயே ஏர்கான் கம்ப்ரெஸர்கள், வீட்டுக்குள் இருக்கும் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அதனால்தான் தோட்டங்கள் நிறைந்த லிம் சூ காங் பக்கம் இரவு குளிர்கிற நேரத்திலும் நகரின் நடுப்பகுதி சில டிகிரி சூடாகவே இருக்கிறது. அந்தக் காலக் கம்பத்து (கிராமத்து) வீடுகளில் அத்தாப்பு ஓலைக் கூரையும் சுற்றிலும் மரமும் மண்தரையும் இருந்தன. சூரியன் இறங்கியதும் சூடும் இறங்கியது. உங்கள் கம்பளி நினைவு சரியானதுதான்.

சிங்கப்பூரின் சராசரி வெப்பநிலை 1948 முதல் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 0.25 டிகிரி வீதம் ஏறியிருக்கிறது. அந்தக் காலத்தில் உலகச் சராசரி ஏறிய வேகத்தைவிட இது அதிகம். அந்தக் கூடுதலில் நகரமயமாதலுக்குப் பங்கு உண்டு என்று வானிலைத் துறையினரே ஒப்புக்கொள்கிறார்கள்.

சரி, எல்லாமே கட்டடத்தால்தானா? கடலைக் கேட்டால் தெரியும். கடலுக்குள் புளோக்கும் இல்லை, ஏர்கானும் இல்லை. பூமியில் கூடுதலாகச் சேர்ந்த வெப்பத்தில் 90 விழுக்காட்டைக் கடல்தான் வாங்கி வைத்திருக்கிறது. உலகக் கடல்களில் கிட்டத்தட்ட 4,000 ஆர்கோ மிதவைகள் ஆழத்துக்குப் போய் வெப்பத்தை அளந்து மேலே வந்து சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் தெற்குத் தீவுகளுக்குப் போனால் போதும். அங்கே பவளப்பாறைகள் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பவளத்துக்கு நிறமும் உணவும் தருவது அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகி வாரக்கணக்கில் அப்படியே இருந்தால், பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு எலும்பு போல வெளுத்துப்போகும். வெளுத்த உடனே சாவதில்லை. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், குளிராவிட்டால் பட்டினியில் சாகும். நம் கடலில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் அப்படிப் பெருமளவில் வெளுத்தது. பவளம் எந்தக் கட்சியும் சாராத சாட்சி, டீச்சர்.

இன்னொன்று. அளக்கிற கருவியையும் நகரச் சூட்டில் கொண்டுபோய் வைப்பதில்லை. இரவுப் பணியில் நான் திறந்து பார்த்த வெள்ளைப் பெட்டி இன்னும் கண்ணில் நிற்கிறது. மரச்சட்டங்கள் சாய்வாக அடித்து, காற்று போகும் ஆனால் வெயில் நுழையாதபடி, புல்தரையில் இடுப்பு உயரத்துக்குமேல் நிற்கும். குறைந்தபட்ச வெப்பமானியின் சாராயத்துக்குள் ஊசி போல ஒரு சின்னக் குறி இருக்கும். இரவில் எவ்வளவு இறங்கியதோ அங்கேயே அது நின்றுவிடும். காலையில் அதைப் படித்து எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலை. இப்படி எழுதிய ஏடுகளைப் புரட்டினால் குளிர்ந்த இரவுகள் குறைந்துவருவதும் சூடான இரவுகள் கூடிவருவதும் தெரியும். பகல் வெயிலைவிட இரவுதான் எனக்குக் கவலை. பகலெல்லாம் வெயிலில் வேலை செய்த கட்டுமானத் தொழிலாளிக்கு உடம்பு ஆற இரவு ஒன்றுதான் இருக்கிறது.

எழுபதுகளில் பனியுகம் வரப்போகிறது என்றார்கள். இப்போது சூடு என்கிறார்கள். எதைத்தான் நம்புவது? (சிராங்கூன்)

1975இல் நியூஸ்வீக் இதழ் உலகம் குளிர்வதாகக் கட்டுரை போட்டது உண்மை. நாற்பதுகளிலிருந்து எழுபதுகள்வரை வடகோளம் சற்றே குளிர்ந்ததும் உண்மை. ஆலைப்புகையின் கந்தகத் துகள்கள் வெயிலை மறைத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் அன்றைய விஞ்ஞானிகள் என்ன எழுதினார்கள்? 1965 முதல் 1979வரை வந்த ஆய்வுக் கட்டுரைகளைப் பிற்பாடு எண்ணிப் பார்த்தார்கள். குளிரும் என்றவை 7. சூடாகும் என்றவை 44. பத்திரிகைத் தலைப்பு நினைவில் நின்றது, கட்டுரைகள் நிற்கவில்லை. அதற்கும் முன்னே, 1896லேயே ஸ்வீடனின் ஸ்வான்டே அர்ஹேனியஸ் கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையால் கணக்குப் போட்டுவிட்டார்.

சூரியன்தான் காரணம் என்கிறார் என் நண்பர். (ஈசூன்)

சூரியனின் ஒளியை 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்துவருகின்றன. பூமியின் சூட்டை விளக்கும்படியான ஏற்றம் எதுவும் அதில் இல்லை. அப்புறம், சூரியன் காரணமென்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். நடப்பது வேறு: கீழடுக்கு சூடாகிறது, அதற்கு மேலே உள்ள ஸ்ட்ராடோஸ்பியர் குளிர்கிறது. கரியமில வாயு போர்வை போலச் சூட்டைக் கீழே பிடித்துவைத்தால் இப்படித்தான் ஆகும்.

பூமி ஒன்றரை டிகிரி சூடாவதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஏர்கானை 24இலிருந்து 25.5க்கு மாற்றினால் யாருக்கும் தெரியாதே. (பொங்கோல்)

உலகச் சராசரியை அறையின் வெப்பநிலையோடு ஒப்பிடக் கூடாது, உடம்புச் சூட்டோடு ஒப்பிடுங்கள். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் உலகச் சராசரி தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஏறக்குறைய ஐந்தாறு டிகிரிதான் குறைவு. அன்று கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பொங்கோலிலிருந்து போர்னியோவரை காலாலேயே நடந்து போயிருக்கலாம். இனி அதே கணக்கை மறுபக்கம் போட்டுப் பாருங்கள். 2024 ஜனவரியில் வெளியான சிங்கப்பூர் ஆய்வு, வாயு வெளியேற்றம் கட்டுப்படாமல் போனால் 2100க்குள் நம் கரையில் கடல் 1.15 மீட்டர்வரை உயரலாம் என்கிறது. நம் நிலத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு, கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டர்கூட இல்லை.

ஐயா, நான் உயர்நிலை இரண்டில் படிக்கிறேன். எங்கள் பேட்டையில் குளிர் குறைகிறதா என்று பள்ளிச் செயல்திட்டம் செய்ய ஆசை. எப்படித் தொடங்குவது? (செங்காங் மாணவி)

ரொம்ப நல்ல யோசனை, கண்ணு. ஒரு சாதாரண வெப்பமானி போதும். வீட்டுக்கு வெளியே, நிழலில், காற்று வரும் இடத்தில் தொங்கவிடு. சுவரில் ஒட்டக் கூடாது, ஏர்கான் கம்ப்ரெஸர் பக்கம் கூடவே கூடாது. தினமும் விடிவதற்கு முன், ஒரே நேரத்தில் பார்த்து எழுது. பக்கத்தில் மழையா, காற்றா, மேகமா என்று ஒரு வரி சேர்த்துக்கொள். ஒருநாள் தவறினால் அந்த இடத்தைக் காலியாகவே விடு, உத்தேசமாக நிரப்பாதே.

மூன்று மாதம் எழுதினால் வானிலை புரியும், பருவநிலை புரியாது. அதற்கு முப்பது வருடக் கணக்கு வேண்டும். அதையும் நீயே எழுதத் தேவையில்லை. சிங்கப்பூர் வானிலைத் துறை தன் இணையத்தளத்தில் சாங்கியின் பழைய தினசரிப் பதிவுகளை இலவசமாகவே வைத்திருக்கிறது. உன் நோட்டுப் புத்தகத்தை முதலில் நிரப்பு, பிறகு அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார். முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. சமையலறை ஜன்னலோரம் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயும் வைத்து, அது எந்தெந்த நாளில் உறைந்தது என்று குறித்தால் இன்னும் சந்தோஷம்.