பாதியில் கல்லூரி மாறினால் கிரெடிட் கூடவே வருமா? எல்லைப் பக்கத்து மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் பாலக்காட்டில் படிக்கிறார்கள், சிலர் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் போகிறார்கள். நடுவில் மாறுகிறவர்களும் உண்டு. ஒரு பாடத்தைப் பாஸ் செய்தால் பட்டத்துக்காகக் கணக்கில் சேருகிற அளவுதான் கிரெடிட், அது கூடவே வருமா என்பதுதான் அவர்கள் கவலை. அவர்களுடைய காகிதங்களைப் பார்த்து, எந்தப் பாடம் செல்லும், எது செல்லாது என்று பல்கலைக்கழகத்தோடு பேசி முடிப்பதுதான் கல்லூரி அலுவலகத்தில் என் வேலை. வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சித்தூரிலிருந்து ஒரு அம்மா: மகள் பொள்ளாச்சியில் பி.காம். இரண்டு செமஸ்டர் முடித்துவிட்டாள். வீட்டுச் சூழ்நிலையால் இனி பாலக்காட்டில்தான் படிக்க முடியும். மூன்றாம் செமஸ்டரில் நேராகச் சேர்த்துக்கொள்வார்களா?

வழி இருக்கிறதம்மா. ஆனால் பொள்ளாச்சி பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது, பாலக்காடு காலிகட் பல்கலைக்கழகத்தின் கீழ். அங்கே பாஸ் செய்ததை இங்கே ஏற்பதா வேண்டாமா என்பதைச் சேர்த்துக்கொள்கிற பல்கலைக்கழகம்தான் முடிவு செய்யும். கல்லூரி முதல்வர் "சரி" என்று சொல்லிவிட்டால் போதாது.

எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்கிறேன். பாட ஆசிரியர் ஒருவர் இரண்டு சிலபஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவார். உங்கள் மகள் படித்த நிதிக் கணக்கியலில் ஐந்து யூனிட் இருக்கிறது என்றால், ஒவ்வொரு யூனிட்டாகப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வருவார். தேய்மானம் இருக்கிறதா, இருக்கிறது. கூட்டாண்மைக் கணக்கு இருக்கிறதா, அங்கே அது அடுத்த செமஸ்டரில் வருகிறது. பெரும்பாலும் முக்கால் பங்காவது பொருந்த வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். பாடத்தின் பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் எதுவும் கிடைத்துவிடாது. பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றென்றால் ஏற்றுக்கொள்வார்கள்.

இன்னொரு சிக்கல், இரண்டு பக்கத்துக் கட்டமைப்பும் வேறு. கேரளத்தில் 2024 ஜூலையில் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. முதல் செமஸ்டரில் 4 கிரெடிட் வீதம் மூன்று துறைப் பாடம், 3 கிரெடிட் வீதம் மூன்று பொதுப் பாடம், மொத்தம் 21 கிரெடிட். அந்தப் பொதுப் பாடங்களில் ஒன்று வேறு துறையிலிருந்து எடுக்க வேண்டியது. தமிழ்நாட்டில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம் என்று போகும். அதனால் ஓரிரு பாடம் குறையத்தான் செய்யும். அதைப் பின்னால் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். பயப்பட வேண்டாம், ஆனால் மூன்றாம் செமஸ்டர் கொஞ்சம் பாரமாக இருக்கும் என்று மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

டி.சி. வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அவள் படித்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும், அவள் சேர்ந்த ஆண்டுக்கானதை, துறைத் தலைவர் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் போட்டு வாங்கி வையுங்கள். இணையத்திலிருந்து எடுத்த பிரதியைப் பல இடங்களில் ஏற்பதில்லை. மார்க் லிஸ்ட், மைக்ரேஷன் சான்றிதழ், டி.சி. இதெல்லாம் எல்லோருக்கும் நினைவிருக்கும். சிலபஸைத்தான் மறந்துவிட்டு மறுபடி பஸ் ஏறுவார்கள். இங்கே இடம் காலியாக இருக்கிறது என்று எழுத்தில் தெரிந்த பிறகே அங்கே டி.சி. கேளுங்கள்.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு தம்பி: அக்கா, டிஜிலாக்கரில் ஏ.பி.சி. ஐடி எடுத்துட்டேன். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு கிரெடிட்கூட இல்லை. நான் என்ன செய்யணும்?

நீ ஏற்ற முடியாது தம்பி. கிரெடிட்டை ஏற்றுவது உன் பல்கலைக்கழகத்தின் வேலை. ஏ.பி.சி. என்பது 2021இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. கொண்டுவந்த அகாடமிக் பேங்க் ஆப் கிரெடிட்ஸ், ஒரு கணக்குப் புத்தகம், அவ்வளவுதான். 2021-22 கல்வியாண்டிலிருந்து படித்ததுதான் அதில் ஏறும், அதிகபட்சம் ஏழு ஆண்டு செல்லும். பட்டம் தருகிற நிறுவனத்திலேயே குறைந்தது பாதிக் கிரெடிட்டைப் படித்திருக்க வேண்டும் என்பதும் அதன் விதி.

உன் விஷயத்தில் முதலில் பெயரைப் பார். நம் பக்கத்தில் அடிக்கடி மாட்டிக்கொள்வது இங்கேதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், கல்லூரிப் பதிவில் இனிஷியலே இருக்காது. மூன்றும் மூன்று ஆளாகிவிடும். பெயரும் பிறந்த தேதியும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா பார்த்துத் திருத்து. அப்புறம் உன் ஏ.பி.சி. ஐடியின் பன்னிரண்டு இலக்க எண்ணைக் கல்லூரி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கு.

கணக்கில் ஏறிவிட்டால் எல்லா இடத்திலும் தானாகச் செல்லும் என்று நினைத்துவிடாதே. பாட ஒப்பீடு அப்போதும் உண்டு.

கோபாலபுரத்திலிருந்து: கம்யூனிட்டி காலேஜில் உணவு பதப்படுத்தல் டிப்ளமா முடித்தேன், 60 கிரெடிட். சாதாரண டிகிரி 120 கிரெடிட் என்கிறார்கள். அப்படியானால் பாதி டிகிரி முடிந்துவிட்டதா?

இந்தக் கணக்கை நிறையப் பேர் போடுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். யு.ஜி.சி. 2014இல் தொடங்கிய பி.வொக். என்ற தொழிற்கல்விப் பட்டத் திட்டத்தில் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட். அதில் 36 தொழில்திறன், 24 பொதுக்கல்வி. ஓராண்டு டிப்ளமா 60, ஈராண்டு அட்வான்ஸ்டு டிப்ளமா 120, மூன்றாண்டு டிகிரி 180. கம்யூனிட்டி காலேஜ் டிப்ளமாவையும் அதற்கு ஒத்துப்போகிற மாதிரிதான் வடிவமைத்தார்கள். அதே மூன்றாண்டு டிகிரிக்குத் தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் 120, கேரளத்து நான்காண்டுத் திட்டத்தில் மூன்றாண்டோடு வெளியேறினால் 133. ஆகவே உன்னுடைய 60 என்பது ஓராண்டுப் படிப்பு. 120இல் பாதி என்று கணக்குப் போடக் கூடாது. கிரெடிட் எண்ணை அப்படியே தூக்கி வைக்காமல் எத்தனை மணி நேரம் படித்தாய் என்று பார். 2023இல் வந்த தேசியக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரக் கற்றல், வகுப்பு, செய்முறை, வீட்டில் படித்தது எல்லாம் சேர்த்து.

உனக்கு நல்ல வழி, அதே துறையில் பி.வொக். இரண்டாம் ஆண்டில் சேர்வது. அப்படிச் சேர்ந்தால் உன் 36 தொழில்திறன் கிரெடிட்டும் வீணாகாது. பி.எஸ்சி.யில் சேரப் போனால் 24 பொதுக்கல்விக் கிரெடிட்டில் சிலதுதான் ஒப்பீட்டில் நிற்கும், மீதி போய்விடும். பேக்கரியில் நின்று கையால் கற்ற ஒரு வருஷத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எனக்குச் சம்மதமே இல்லை. ஆனால் இன்றைய நடைமுறை அப்படித்தான் இருக்கிறது. பி.வொக். முடித்தால், "ஏதேனும் ஒரு பட்டம்" என்று மட்டும் கேட்கிற தேர்வுகளுக்கும் மேற்படிப்புகளுக்கும் அது செல்லும் என்று யு.ஜி.சி. தெளிவாகச் சொல்லியிருக்கிறது. குறிப்பிட்ட பாடத்தில் பட்டம் கேட்டால்தான் சிக்கல்.

வண்டித்தாவளத்திலிருந்து ஒரு தங்கச்சி: எங்கள் ஊரில் ஒரு டிரஸ்ட் நடத்திய தையல் கோர்ஸ் சான்றிதழ் இருக்கிறது. பெயரில் கம்யூனிட்டி காலேஜ் என்று போட்டிருக்கிறது. கிரெடிட் கிடைக்குமா?

சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கிறது என்று பார் கண்ணு. பல்கலைக்கழகம் தந்ததென்றால் பேசலாம். டிரஸ்ட் முத்திரை மட்டும்தான் என்றால் கிரெடிட் கிடையாது. வேலைக்கு அது உதவும், பத்திரமாக வை.

மூணாறிலிருந்து: எஸ்டேட் வேலை பார்த்துக்கொண்டே தமிழ்நாட்டில் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. தமிழ் ஒரு வருஷம் படித்தேன். இனி கேரளத்தில் ரெகுலராகச் சேரலாமா?

தொலைநிலையில் முடித்த பட்டம், அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம் தந்ததென்றால், ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022இல் அறிவித்தது. அது முடித்த பட்டத்துக்கு. பாதியில் மாறுவது வேறு விஷயம், அங்கே மறுபடி சிலபஸ் ஒப்பீடுதான். தமிழ் என்பதால் உங்களுக்கு வசதி அதிகம், இலக்கணமும் இலக்கிய வரலாறும் இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே தொலைநிலை மையம் நடத்தக் கூடாது. நீங்கள் படித்த மையம் போடியிலோ தேனியிலோ இருந்து, அந்த ஊர் உங்கள் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வந்தால் சரி. இடுக்கி மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது என்றால், பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்டுப் பதிலைக் கையில் வாங்கிக்கொண்டு அப்புறம் நகருங்கள்.

நகரியிலிருந்து: ஸ்வயம் கோர்ஸ் படித்தால் கிரெடிட் சேருமா?

சேரும். ஸ்வயம் என்பது மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளம். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 விழுக்காடு வரை யு.ஜி.சி. அனுமதிக்கிறது. அதில் ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல்.லில் 12 வாரக் கோர்ஸுக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2. தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதினால்தான் கணக்கு. சேருவதற்கு முன்பே உங்கள் கல்லூரி அந்தக் கோர்ஸை ஏற்றிருக்க வேண்டும். முடித்துவிட்டு வந்து கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

நல்லேப்பிள்ளியிலிருந்து ஒரு பெரியவர்: தம்பி மகள் கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறாள். இரண்டு வருஷம் கழித்துப் பெரிய யுனிவர்சிட்டிக்கு மாறலாம் என்கிறாள். அது நம்பகமானதா?

நம்பகமானதுதான் ஐயா. அங்கே எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்பதை முன்கூட்டியே பேசி ஒப்பந்தம் போட்டு, அசிஸ்ட் என்ற இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். மாணவி முதல் பாடம் எடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ளலாம். நம் பக்கத்தில் படித்து முடித்த பிறகு ஒப்பிடுகிறோம், அங்கே படிக்கும் முன்பே ஒப்பிட்டுவிடுகிறார்கள்.

அங்கே கிரெடிட்டை யூனிட் என்பார்கள். மாற்றத்துக்கென்றே 60 செமஸ்டர் யூனிட்டில் அசோசியேட் டிகிரி என்ற ஈராண்டுப் பட்டம் ஒன்று இருக்கிறது, 2010இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்தது. அதை முடித்தால் கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டிகளில் ஏதாவது ஒன்றில் இடம் உறுதி, ஆனால் கேட்ட வளாகமே கிடைக்கும் என்பதில்லை. யுனிவர்சிட்டி ஆப் கலிபோர்னியா வேறு அமைப்பு. கம்யூனிட்டி காலேஜிலிருந்து 70 செமஸ்டர் யூனிட்டுக்கு மேல் அது கணக்கில் எடுக்காது. அவளை அங்குள்ள டிரான்ஸ்பர் கவுன்சிலரை ஒவ்வொரு செமஸ்டரும் பார்க்கச் சொல்லுங்கள்.

பாலிடெக்னிக் முடிக்கப்போகும் ஒரு மாணவர், கொழிஞ்சாம்பாறை: பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர எந்த மாநிலத்தில் விண்ணப்பிக்கலாம்?

கேரளத்தில் எல்.இ.டி. தேர்வு, ஆந்திராவில் ஈசெட் தேர்வு. தமிழ்நாட்டில் தேர்வு இல்லை, டிப்ளமா மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு. மூன்றிலும் அந்த மாநிலத்தவரா என்ற கேள்வி வரும். வில்லேஜ் ஆபீசில் நேட்டிவிட்டி சான்றிதழை இப்போதே வாங்கி வை தம்பி.

ஒரு தொழிற்கல்வி விரிவுரையாளர்: எங்கள் டிப்ளமாவைப் பல்கலைக்கழகத்தோடு முறையாக இணைக்க விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் சார். ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாக அலைவதை நிறுத்த இது ஒன்றே வழி. புரிந்துணர்வு ஒப்பந்தத்திலிருந்து தொடங்காதீர்கள். இரண்டு முதல்வர்கள் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொண்ட பிறகு, எந்தப் பாடம் எதற்குச் சமம் என்று அதில் ஒரு வரிகூட இல்லாத ஒப்பந்தங்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அட்டவணை. இடது பக்கம் உங்கள் பாடம், குறியீடு, மணி நேரம், கற்றல் விளைவுகள், தேர்வு முறை. வலது பக்கம் அவர்களுடையது. கடைசிக் கட்டத்தில் முழுமையாக, பகுதியாக, இல்லை என்று மூன்றில் ஒன்று. "பகுதியாக" என்றால் எந்த யூனிட் குறைகிறது, அதை எப்படி ஈடுகட்டுவது என்பதையும் எழுதுங்கள். இதை அங்குள்ள பாட ஆசிரியரோடு உட்கார்ந்து செய்யுங்கள், தபாலில் அனுப்பினால் மேசையிலேயே கிடக்கும். பிறகு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு ஏற்க வேண்டும், அதன்பின் அதற்கும் மேலே உள்ள அகாடமிக் கவுன்சில். கவுன்சில் தீர்மான எண்ணோடு ஆணை வந்தால்தான் அது நிற்கும்.

ஆணையில் எந்தச் சேர்க்கை ஆண்டு மாணவர்களுக்கு என்று குறிப்பிட வையுங்கள். ஒரு பக்கம் சிலபஸ் மாறினால் மறுபக்கத்துக்கு உடனே எழுத வேண்டும் என்ற வரியும் வேண்டும். கேரளத்தில் 2024இல் திட்டமே மாறியபோது பழைய ஒப்பீடுகளை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் பொறுப்பாளர் யார் என்று பதவியின் பெயரில் எழுதுங்கள். ஆளின் பெயரில் எழுதினால் அவர் மாறுதலாகிப் போனதும் கடிதத்துக்குப் பதில் வராது.

கடைசியாக, பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: இரண்டு அரியர் இருக்கிறது. அதோடு மாற முடியுமா?

பாஸ் செய்த பாடத்துக்குத்தான் கிரெடிட். அரியர் இருக்கிற பாடம் கணக்கில் வராது, சில இடங்களில் அரியரோடு சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள். அடுத்த சப்ளிமெண்டரியில் எழுதி முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். எந்தப் பாடம் என்று எனக்குத் தனியாக எழுதி அனுப்புங்கள், இங்கே அதற்குச் சமமான பாடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். இல்லை என்றால் மாறிய பிறகு எப்படியும் புதுப் பாடம் படிக்க வேண்டிவரும், அப்போது எதை முதலில் எழுதுவது என்று சேர்ந்தே முடிவு செய்யலாம்.