முதியோர் இல்லத்தில் ராத்திரி எத்தனை பேர் இருப்பார்கள்?

கேள்வி: பக்கவாதம் வந்து அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். நான் கத்தாரில் வேலை பார்க்கிறேன். வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. நாகர்கோவில் பக்கம் ஓர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்த சித்தப்பா, கட்டடம் பளிச்சென்று இருக்கிறது என்கிறார். நம்பிச் சேர்க்கலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கட்டடம் கிடக்கட்டும். அம்மாவைத் தூக்கி, துடைத்து, சோறூட்டப் போவது அங்கே வேலை பார்க்கும் அக்காமார்தான். அவர்கள் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்.

சித்தப்பாவை இன்னொரு தடவை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போகச் சொல்லுங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது சிரமமாக இருக்கலாம். நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு வாய் இறங்கிய பிறகுதான் அடுத்த கரண்டி கொடுக்க வேண்டும். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. நாலு பேருக்கு ஒருவரே ஊட்டினால் இதெல்லாம் நடக்குமா? அவசரத்தில் கஞ்சி நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டு விடும். அதில் அந்த அக்காவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆள் போடாதது நிர்வாகம்.

ராத்திரி இன்னும் முக்கியம். தானாகப் புரள முடியாதவரைச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது வழக்கம். அந்த நேரங்களைக் குறிக்கும் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். வாரம் முழுக்க ஒரே கையெழுத்து, பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று நிமிடம் பிசகாத நேரம் என்றால், காலையில் உட்கார்ந்து நிரப்பியதாக இருக்கலாம். சேர்த்த பிறகும் போகும்போதெல்லாம் இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடத்தையும் குதிகாலையும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை அழுத்தி எடுத்தும் சிவப்பு மறையாவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும்.

அப்புறம், மேனேஜர் பக்கத்தில் இல்லாதபோது அக்காமாரிடம் பேச்சுக் கொடுக்கச் சொல்லுங்கள். எத்தனை வருஷமாக இருக்கிறார்கள், வார லீவு உண்டா, சம்பளம் தேதிக்கு வருகிறதா? அடிக்கடி ஆள் மாறும் இடம் வேண்டாம். அம்மாவுக்கு எந்தக் கை விளங்காது என்பதே புதிதாக வருபவருக்குத் தெரியாது. அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு விலகிவிடலாம்.

பதிவுச் சான்று, அவசரத்துக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜா வேறு ஆஸ்பத்திரியா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். புகார் என்றால் சித்தப்பா முதியோர் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம்.

வீடியோ கால் தினமும் ஒரே நேரத்தில் வேண்டாம். சில நாள் இங்கே ராத்திரி 8 மணிக்கு மேல் கூப்பிடுங்கள். உங்களுக்கு அப்போது மாலை ஐந்தரைதான்.